என்னைவிடச் சின்ன கடற்கரை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு பழைய ஷூ.

போகிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, அலமாரிக்கு அடியில் கிடந்த ஒரு ட்ரெக்கிங் ஷூவை எடுத்துத் தட்டினேன். உள்ளே போட்டிருந்த அட்டைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஏதோ கொட்டியது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடா இது, கடுகா?" என்றார். கடுகு இல்லம்மா, ஹவாய். 2023இல் போனபோது ஷூவுக்குள் ஏறிய மணல். அரை டீஸ்பூன் இருக்கும். வெளிச்சத்தில் காட்டினால் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுகிறது. மாதிரி என்ன, அது நிஜமாகவே கண்ணாடிதான். அதற்கு அப்புறம் வரேன்.

முதல் பிரச்சினை: ஹவாயில் கடற்கரை மணலை எடுத்துக்கொண்டு வருவது சட்டப்படி தப்பு. நான் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனாலும் தப்பு தப்புதான். இரண்டாவது பிரச்சினை, அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு சாபம். எரிமலைக் கல்லையோ கருமணலையோ எடுத்துப் போனால், எரிமலைத் தெய்வமான பெலே சும்மா விட மாட்டாளாம். வேலை போகும், கல்யாணம் நிற்கும், கார் இடிக்கும். கிண்டல் இல்லை. ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குப் பல வருஷங்களாகத் தபாலில் கற்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன, மன்னிப்புக் கடிதங்களோடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாபம் பழைய ஹவாய் மரபில் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கிளம்பிய கதை. கல் பொறுக்கும் கூட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போன ஒரு பார்க் ரேஞ்சர் கிளப்பிவிட்டார் என்கிறார்கள். இல்லை, பஸ்ஸெல்லாம் மண்ணாவதைப் பொறுக்காத டூர் டிரைவர்கள் கிளப்பியது என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும் சரி, வேலை செய்கிறது. எனக்கே லேசாக உதறல்.

அந்த மணலை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேசையில் வைத்துவிட்டு யோசித்தேன். இது எவ்வளவு பழசு? கடற்கரை மணல் என்றால் நாம் லட்சக்கணக்கான வருஷம் என்று நினைப்போம். இந்த மணல் பிறந்தது 2018இல். அந்த மே மாதம் நான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் பைண்டிங் போட அலைந்துகொண்டிருந்தேன். அதாவது இந்தக் கடற்கரை என்னைவிட இருபது வருஷத்துக்கு மேல் சின்னது.

இடத்தின் பெயர் போஹோயிகி. ஹவாய்த் தீவுகளிலேயே பெரிய தீவின் கிழக்கு மூலையில் பூனா என்று ஒரு மாவட்டம். அதன் கரையில் ஐசக் ஹாலே பூங்கா. கொரியப் போரில் இறந்த ஒரு உள்ளூர்ச் சிப்பாயின் பெயர் அது. சியாட்டிலில் இருக்கும் என் பெரியம்மா மகளும் அவள் கணவரும் வாடகைக் கார் எடுத்திருந்தார்கள், பின்சீட்டில் நான். ஹீலோவிலிருந்து பாஹோவா ஊர் வழியாக 130ஆம் நெடுஞ்சாலை. அந்தச் சாலை கடலுக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று முடிந்துவிடுகிறது. போர்டு, தடுப்புச் சுவர் எல்லாம் அப்புறம்தான். முதலில் கண்ணில் படுவது, தார் ரோட்டின் மேல் அப்படியே உறைந்துபோன கறுப்புப் பாறை. மாமா காரை நிறுத்திவிட்டு, "மேப்ல ரோடு காட்டுதே" என்றார். அவர் பார்த்தது பழைய மேப்.

அங்கிருந்து 137ஆம் சாலையில் கடலை ஒட்டித் திரும்பினோம். வழியில் மெக்கன்சி என்று ஒரு சின்னப் பூங்கா, முழுக்கச் சவுக்கு. அந்த ஊசி இலை மெத்தையில் காலை வைத்ததும் ஒரு நிமிஷம் ஈசிஆரில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. சவுக்குத் தோப்பு, உப்புக் காற்று, அதே உஸ் சத்தம். ஆனால் தோப்பு முடிகிற இடத்தில் மணல் இல்லை. செங்குத்தாக உடைந்து நிற்கும் கறுப்புப் பாறை, கீழே கடல்.

போஹோயிகியில் இறங்கியதும் நான் பண்ணிய முதல் முட்டாள்தனம், செருப்பு மாற்றலாம் என்று ஷூவைக் கழட்டப் போனது. "டேய், கழட்டாத, கால் வெந்துடும்" என்று அக்கா கத்தினாள். உண்மைதான். கறுப்பு மணல் வெயிலை அப்படியே குடித்து வைத்துக்கொள்கிறது. அலைக்குப் பக்கத்தில் உருண்டைக் கூழாங்கற்கள், மேலே கொரகொரவென்று மணல், அதற்குப் பின்னால் வெதுவெதுப்பான நீர் தேங்கிய குட்டைகள். பூமிக்கு அடியில் இருக்கும் சூடு அந்தத் தண்ணீரில் ஏறுகிறது. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா இருக்கலாம் என்று எச்சரிக்கைப் பலகையும் இருக்கும்.

அந்தக் குட்டைகளில் ஒன்றின் ஓரத்தில் ஒரு கான்கிரீட் சரிவு, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ படித்துறை மாதிரி. மாமாதான் முதலில் கண்டுபிடித்தார்: "இது போட் இறக்குற ராம்ப்பு." படகு இறக்கும் சரிவு குட்டைக்குள் போகிறது. கடல் அதற்கு அப்பால், ஒரு பெரிய மணல்மேட்டைத் தாண்டி இருந்தது. எனக்கு அந்த ஊரில் கருமணலைவிட அந்த ராம்ப்தான் மண்டையில் நின்றது.

இப்போ 2018க்குப் போவோம். கீலாவேயா என்கிற எரிமலை 1983 ஜனவரி 3இல் ஆரம்பித்து, புஊ ஓஓ என்ற வாயிலும் அதன் பக்கத்திலும் கிட்டத்தட்ட 35 வருஷம் விடாமல் கக்கிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 30, 2018 அன்று அந்த வாயின் தரை பொலபொலவென்று உள்ளே சரிந்தது. அடியில் இருந்த குழம்பு வேறு பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. அது கிழக்கே நகர்வதை நில அதிர்வுக் கருவிகள் காட்டிக்கொண்டே வந்தன. மூன்றே நாளில், மே 3ஆம் தேதி சாயங்காலம், லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் தரை பிளந்து தீ வந்தது. காடு இல்லை, மலை உச்சி இல்லை. தெரு, தபால் பெட்டி, கார் ஷெட் எல்லாம் இருக்கும் லேஅவுட். மறுநாளே 6.9 ரிக்டரில் நிலநடுக்கம்.

மொத்தம் 24 பிளவுகள். அவற்றில் எட்டாவது பிளவு மட்டும் நிற்கவே இல்லை. அதிலிருந்து கிளம்பிய லாவா ஆறு சுமார் 13 கிலோமீட்டர் ஓடிக் கடலைத் தொட்டது. வழியில் ஒரு நன்னீர் ஏரி இருந்தது, சில மணி நேரத்தில் ஆவியாகிப் போனது. ஜூன் முதல் வாரத்தில் கபோஹோ விரிகுடா நிரம்பி, விரிகுடா என்ற பேச்சே இல்லாமல் ஆனது. 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. தீவு மட்டும் சுமார் 875 ஏக்கர் வளர்ந்தது.

அந்த லாவாவின் தெற்கு ஓரம் ஜூலையில் போஹோயிகியை நோக்கி ஊர ஆரம்பித்தது. தினமும் எத்தனை மீட்டர் என்று ஊரே கணக்குப் பார்த்தது. பக்கத்திலிருந்த அஹலானுயி பூங்கா மூழ்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எரிமலை ஓய்ந்தபோது, லாவா அந்தப் படகு ராம்ப்புக்குச் சுமார் 70 மீட்டர் தள்ளி நின்றுவிட்டது. தப்பிச்சாச்சு என்று நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் மணல் வருகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு கடல் தண்ணீரில் விழும்போது, படிகமாவதற்குக்கூட அதற்கு நேரம் கிடைப்பதில்லை. சட்டென்று உறைந்து கண்ணாடியாகிறது, உறைகிற வேகத்திலேயே நொறுங்குகிறது. போதாக்குறைக்கு உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடிக்கிறது. அந்த ஜூலை 16இல் கடலில் வேடிக்கை பார்க்கப் போன ஒரு சுற்றுலாப் படகின் கூரையைப் பிய்த்துக்கொண்டு லாவாத் துண்டு விழுந்து 23 பேருக்குக் காயம். அந்த மாதிரி வெடிப்பு வாரக்கணக்கில், இரவு பகலாக நடந்தது. நொறுங்கிய சில்லெல்லாம் நீரோட்டத்தோடு கரையோரமாக அடித்துக்கொண்டு வந்து, போஹோயிகியின் சின்ன வளைகுடாவில் குவிந்தது. லாவா தொடாத ராம்ப்பை, லாவாவின் தூள் அடைத்துவிட்டது.

ஒரு விஷயம் சொல்லணும். நாம் பார்க்கும் பெரும்பாலான கடற்கரைகளுக்கு மணல் தொடர்ந்து வரும். ஆறு கொண்டுவரும், பவளம் உடைந்து வரும். இந்த மாதிரிக் கருமணல் கரைக்கு ஒரே ஒரு டெலிவரிதான். எரிமலை நின்றால் சப்ளை கட். அப்புறம் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு இழுத்துப் போகும், நம் பேங்க் பேலன்ஸ் மாதிரி. சில சமயம் அலைக்கு முன்னாடி லாவாவே வந்துவிடும். தேசியப் பூங்காவுக்குள் கமோவாமோவா என்ற இடத்தில் 1980களின் கடைசியில் இதே மாதிரி ஒரு கரை பிறந்தது. ஜனங்கள் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். 1992இல் அதையும் லாவா மூடிவிட்டது. சில வருஷ வாழ்க்கைதான்.

ஆனால் பூனாவில் வயதானவர்களிடம் "கருமணல் கடற்கரை" என்றால் அவர்கள் மனதில் வருவது இவை எதுவும் இல்லை. கைமூ.

கைமூ கரை 1750 வாக்கில் ஓடிய ஒரு லாவாவால் உண்டானது என்பார்கள். அரை வட்டமாக வளைந்த கறுப்பு மணல், ஓரமெல்லாம் தென்னை. 20ஆம் நூற்றாண்டில் ஹவாய் போஸ்ட்கார்டு என்றாலே இந்தக் கரை இருக்கும். அதை ஒட்டிக் கலாபனா என்ற ஊர். அங்கே பல ஹவாய்க் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக மீன்பிடித்துக்கொண்டு இருந்தன. 1938இல் தேசியப் பூங்காவை இந்தக் கரைவரை நீட்டச் சட்டம் போட்டபோது, அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள்: இந்தப் பகுதி ஹவாய்க் குடிகள் பூங்காவுக்குள் மீன் பிடிக்கலாம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் அது ரொம்ப அபூர்வம்.

1986இலிருந்தே லாவா இந்தக் கரைப்பக்கம் வர ஆரம்பித்திருந்தது. 1990இல் திசை மாறிக் கலாபனாவுக்குள் நுழைந்தது. சினிமாவில் காட்டுகிற மாதிரி ஓடிவரும் நெருப்பு இல்லை. ரொம்ப மெதுவாக, இட்லி மாவு பொங்கி வழிகிற வேகத்தில். அதுதான் கொடுமையே. ஓடித் தப்பிக்க நேரம் தாராளமாக இருந்தது. வீட்டைக் காப்பாற்ற ஒரு வழியும் இல்லை. ஒரு வீட்டின் தோட்டத்தில் வந்து நிற்கும், ஒரு வாரம் சும்மா கிடக்கும், மறுபடி வீங்கும். ஒன்பது மாதத்துக்குள் 100க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படிப் போயின. ஊர்க் கடை எரிந்தது. மே மாதம், உள்சுவர் முழுக்கப் படம் வரைந்த ஒரு சின்ன மரச் சர்ச்சை, அப்படியே அடியோடு தூக்கி டிரெய்லரில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். 1920களின் கடைசியில் ஒரு பெல்ஜியப் பாதிரியார் கட்டி, தன் கையால் வரைந்தது அது. இப்போது 130ஆம் சாலை ஓரம் நிற்கிறது, நாங்களும் இறங்கிப் பார்த்தோம். ஊரையே இழந்தவர்கள் அந்த நேரத்தில் டிரெய்லர் ஏற்பாடு பண்ணியிருக்கிறார்கள் என்பதைத்தான் உள்ளே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் லாவா கைமூ விரிகுடாவுக்குள் இறங்கியது. மணல், தென்னை, அலை எல்லாம் அடியில் போய்விட்டன. கடற்கரை இருந்த இடம் இப்போது நிலத்துக்கு உள்ளே, பல மீட்டர் பாறைக்கு அடியில்.

சரி, நீங்கள் கேட்பது புரிகிறது. எரிமலைப் பக்கத்தில் யார் வீடு கட்டச் சொன்னது? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அக்கா ஒரே வார்த்தையில் "திமிரு" என்று முடித்துவிட்டாள். படித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாக இல்லை. இதில் இரண்டு வேறு வேறு கூட்டம் இருக்கிறது.

ஒன்று, கலாபனாக் குடும்பங்கள். லாவா வரும் என்று அவர்களுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். வந்தால் நகர்வது, ஆறினால் திரும்புவது என்று வாழ்ந்தவர்கள். நிலத்துக்குப் பத்திரம், மனை எண், வேலி எல்லாம் வந்த பிறகு அப்படி நகர முடியாமல் போனது. பக்கத்து நிலம் இப்போது இன்னொருவருடையது. 1991இல் மாநிலச் சட்டமன்றம் இவர்களுக்காகவே ஒரு சட்டம் போட்டு, கீகலா-கெஓகெஆ என்ற இடத்தில் குத்தகைக்கு மனை ஒதுக்கியது. அந்த மனைகளுக்கு ரோடும் மற்ற வசதிகளும் வந்துசேர்வதற்குள் பல வருஷம் ஓடிவிட்டது.

இன்னொன்று, 1950களின் கடைசியிலும் 60களிலும் பூனாவில் போட்ட லேஅவுட்டுகளை நம்பி வந்தவர்கள். காட்டுக்குள் கோடு கிழித்து ஆயிரக்கணக்கான மனைகளாக்கி மலிவாக விற்றார்கள். வெளியூர்க்காரர்கள் பலர் நிலத்தைப் பார்க்காமலே வாங்கினார்கள். 1955இல் பூனாவில் லாவா ஓடியிருந்தது. 1960 ஜனவரியில் கபோஹோ ஊரே போயிருந்தது. புல்டோசரால் மண்மேடு போட்டுத் தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் மனைகள் விற்றன. எந்த இடத்தில் லாவா ஆபத்து எவ்வளவு என்று காட்டும் முதல் வரைபடத்தை அமெரிக்க நிலவியல் துறை வெளியிட்டது 1974இல். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மண்டலங்கள், ஒன்றுதான் ரொம்ப மோசம். லெய்லானி எஸ்டேட்ஸ் முதல் மண்டலம். ஆனால் அந்த லேஅவுட் போட்டது 1960களில். நம் பாஷையில் சொன்னால், முதலில் புரொடக்ஷனுக்குத் தள்ளிவிட்டு அப்புறம் டெஸ்டிங் பண்ணியிருக்கிறார்கள்.

வரைபடம் வந்த பிறகும் ஜனங்கள் வந்தார்கள், ஏனென்றால் ஹவாயில் சம்பளக்காரர் ஒருவர் வீடு வாங்கக் கட்டுப்படியாகும் மிகச் சில இடங்களில் பூனாவும் ஒன்று. ஆபத்துதான் விலையைக் குறைத்து வைத்திருந்தது. கலாபனாவுக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கியதால், 1991இல் மாநிலமே தலையிட்டு அந்த மண்டலங்களுக்கு என்று தனியாகக் காப்பீட்டு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அது தேவையா, இல்லை அதுவே இன்னும் பலரை அங்கே இழுத்ததா என்று இன்றுவரை சண்டை. 2018இல் வீடு போனவர்களில் எத்தனை பேர் வாடகை கொடுக்க முடியாமல் அங்கே வந்தவர்கள் என்பதை யோசித்தால், "திமிரு" என்ற வார்த்தையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. லாவா கடலில் சேர்த்த புது நிலம் யாருடையது?

1955 லாவா பூனாவில் கடலுக்குள் நீண்டு 7.9 ஏக்கரைப் புதிதாக உண்டாக்கியது. 1960இல் ஒரு தம்பதி அதை ஒட்டிய நிலத்தை வாங்கினார்கள். புது நிலமும் தங்களுடையதுதான் என்று நினைத்து, புல்டோசர் விட்டுச் சமன்படுத்தி, மரம் வைத்து, வரியும் கட்டினார்கள். வரி வாங்கிக்கொண்ட அதே அரசு, 1968இல் "அது எங்க நிலம்" என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் ஒருமுறை போய்த் திரும்பி, கடைசித் தீர்ப்பு 1977இல் வந்தது. தலைமை நீதிபதி வில்லியம் ரிச்சர்ட்சன், அவரும் ஹவாய் வம்சாவளி.

ஆறு மெல்ல மெல்ல மண் சேர்த்துக் கரையைப் பெரிதாக்கினால் அது கரைக்காரருக்கு என்று பழைய ஆங்கிலேயச் சட்டம் சொல்லும். லாவா அப்படி மெல்லச் சேர்ப்பது இல்லை, ஒரே அடி. 1848இல் ஹவாய் அரசர் காலத்தில் நிலத்தைப் பங்கிட்டபோது யாருக்கும் கொடுக்காத நிலம் அரசிடமே இருந்தது. அப்போது இல்லவே இல்லாத நிலத்தை யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே லாவா சேர்த்த நிலம் பொதுமக்களுக்கு, அரசு அதை அவர்கள் சார்பில் வைத்திருக்கிறது. ஒருவருக்கு அதிர்ஷ்டத்தில் கிடைப்பதைவிட எல்லாருக்கும் சொந்தமாக இருப்பதே நியாயம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கம் பாருங்க. உங்கள் வீட்டை லாவா மூடிவிட்டால், அந்த நிலம் இன்னும் உங்களுடையதுதான். மேலே பத்து மீட்டர் பாறை இருந்தாலும் பத்திரம் உங்கள் பெயரில். கலாபனாவில் சிலர் அப்படித்தான் அந்தக் கறுப்புப் பாறை மேலேயே மறுபடி வீடு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் லைன் இல்லை, கரண்ட் லைன் இல்லை. மழைநீர்த் தொட்டி, சோலார் தகடு, சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை பாறை. நஷ்டம் தனியாருக்கு, லாபம் பொதுவுக்கு. எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. ஆனால் அதைக் கலாபனாவில் வீட்டை இழந்தவர் முன்னால் நின்று தைரியமாகச் சொல்வேனா என்றால், மாட்டேன்.

அந்த நாளின் கடைசியில் கைமூவுக்கே போனோம். புதன்கிழமைகளில் இரவுச் சந்தை கூடும் இடம் அது. நாங்கள் போனது வேறு கிழமை, ஆளே இல்லை. பாறை மேல் சிவப்புச் சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் தென்னங்கன்றுகள். 1990க்குப் பிறகு ஊர்க்காரர்கள் பாறை இடுக்கில் மண் போட்டுக் காய்களை நட்டு வளர்த்தவை. மூடிய தென்னந்தோப்புக்குப் பதில். சில பெரிய மரமாகிவிட்டன, சில இடுப்பு உயரம், சில காய்ந்துபோய்க் குச்சியாக நிற்கின்றன. நடந்து முடித்தால் கீழே புதிதாகச் சேர்ந்த ஒரு கருமணல் கரை, பழையதை மூடிய லாவா உடைந்து உண்டானது. அம்மாவைத் தின்று பிறந்த பிள்ளை மாதிரி என்று மாமா சொன்னார். அக்கா முறைத்தாள்.

இனி அந்த ராம்ப். பூனா மாவட்டம் முழுக்கப் படகு இறக்க இருந்த ஒரே அரசு ராம்ப் போஹோயிகிதான். அது அடைபட்டதும் மீனவர்கள் படகை டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டு ஹீலோ போக வேண்டியதாயிற்று. டீசல், நேரம், ஹீலோவிலிருந்து பழைய மீன்பிடி இடத்துக்குக் கடலில் திரும்பி வரும் தூரம். சிலர் தொழிலையே குறைத்துக்கொண்டார்கள். தோண்டுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வேறு சிலர் வேண்டாம் என்றார்கள். இது பெலே உண்டாக்கியது, அவள் வைத்ததை நாம் ஏன் வாரணும் என்பது ஒரு வாதம். தோண்டினாலும் அலை மறுபடி கொண்டுவந்து நிரப்பும், காசுதான் வீண் என்பது இன்னொன்று. கவனிங்க, இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரர்கள், இரண்டு பக்கமும் ஹவாய்க்காரர்கள். நடுவில் என்னை மாதிரி ஃபோட்டோ எடுக்க வந்த ஆட்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, இருக்கவும் கூடாது.

2025இல் மாநில அரசு தோண்ட ஆரம்பித்தது. அந்த வீடியோக்களைப் பார்த்தேன். மஞ்சள் எக்ஸ்கவேட்டர், கறுப்பு மணல், லாரி. கூழாங்கல் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நின்ற கரையைத்தான் வாரிக்கொண்டிருந்தார்கள். ஏழு வயசுக் கரை. முதல் ஒரு நிமிஷம் ஐயோ என்றுதான் இருந்தது. அப்புறம் அந்தக் குட்டைக்குள் இறங்கிய கான்கிரீட் சரிவு ஞாபகம் வந்தது.

டப்பாவில் இருக்கும் மணலைப் பற்றி அக்காவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். தபாலில் அனுப்பலாமா என்று. "நாட்டுக்கு நாடு மண்ணு அனுப்பினா கஸ்டம்ஸ்காரன் உன்னைத்தான் புடிப்பான்" என்றாள். உண்மை. அப்படியே அனுப்பினாலும் அது எந்தக் கரைக்குப் போய்ச் சேரும்? கொட்ட வேண்டிய கரையைத்தான் தோண்டிவிட்டார்களே. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ் வந்தது: "அடுத்த வருஷம் மாமாவும் நானும் போறோம். அப்போ குடு, ராம்ப்பு ஓரமா தூவிட்டு வரேன். சிந்தாம வை."

செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.